அயர்லாந்தில் 4 ஆண்டு மருத்துவம்: பணம் கட்டுவதற்கு முன்

பி.எஸ்சி. முடித்துவிட்டு அயர்லாந்தில் பட்டதாரிகளுக்கான 4 ஆண்டு மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா, அப்புறம் மதுரைக்கே திரும்பி மருத்துவம் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படிப்பில் சேர எழுதும் கேம்சாட் (GAMSAT) நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, இந்தியாவில் மருத்துவம் பார்க்க, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் தனியாக வேண்டும். 4 ஆண்டு என்றால் 48 மாதம்தானே? அந்த 6 மாதக் குறை உங்கள் மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும். நீட் தேர்ச்சியும் கட்டாயம்.

கட்டணத்துக்கு வருவோம். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 யூரோவுக்கு மேல் ஆகும். டப்ளின் வாடகை வேறு. கல்விக்கடனுக்கு வட்டி, பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஏறும். அப்பாவின் வீட்டை அடமானம் வைக்கப் போவதாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வெளிநாட்டிலேயே தங்கிவிடுவதாக இருந்தால் கணக்கு வேறு. ஊர் திரும்புவது உறுதி என்றால் இந்தப் படிப்பு வேண்டாம். நீட் எழுதி இங்கேயே முயலுங்கள். அதற்கு உச்ச வயது வரம்பு இல்லை.