இரண்டேகால் வயதில் பத்துச் சொல்: பொறுத்திருக்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: மகனுக்கு இரண்டேகால் வயது, பத்துச் சொல்தான் வருகிறது. வீட்டில் தமிழ், பார்த்துக்கொள்ளும் அக்காவோடு சிங்களம், நேசரியில் இங்கிலிஷ். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்கிறார் மாமி.

பொறுக்க வேண்டாம், இப்போதே காட்டுங்கள். ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்துவது உண்மைதான், ஆனால் அது ஓரிரு மாதக் கணக்கு. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொல்லும், "அப்பா வா", "பால் வேணும்" என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும். "எங்கட அண்ணாவின் மகன் நாலு வயசிலதான் கதைச்சான், இப்ப இன்ஜினியர்" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். பிந்திக் கதைக்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள், மறுக்கவில்லை. எந்தப் பிள்ளை பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

முதலில் அந்தப் பத்தைத் திரும்ப எண்ணுங்கள். மூன்று மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். தண்ணிக்கு எப்போதும் "ண்ணி" என்றால் அது ஒரு சொல். நாய்க்கு "பௌ பௌ", அதுவும் ஒன்று. போனில் பார்த்து ஏபிசி ஒப்பிப்பது கணக்கில் வராது. இப்படி எண்ணியும் ஐம்பதுக்கு மிகக் குறைவாக இருந்தால் மும்மொழியைக் குற்றம் சொல்ல இடமில்லை. பல மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை.

சொல் எண்ணிக்கையைவிட முக்கியம், சொன்னது விளங்குகிறதா என்பது. கையை நீட்டாமல், கண்ணாலும் காட்டாமல் "கரண்டியை அப்பப்பாட்டக் குடு" என்று சொல்லிப் பாருங்கள். தினமும் சொல்லும் "செருப்பைப் போடு" உதவாது, வெளிக்கிடுவதைப் பார்த்தே பிள்ளை ஊகித்துவிடும். வேண்டியதை விரலால் சுட்டுகிறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? சொல் குறைவு, ஆனால் விளக்கமும் சுட்டுவதும் நன்றாக இருக்கிறது என்றால் பயம் குறைவு. அவையும் இல்லையென்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எந்த வயதிலும், வந்த சொற்கள் இல்லாமல் போனால் அந்த வாரமே காட்டவேண்டும்.

அடுத்தது காது. பின்னால் நின்று கைதட்டினேன், திரும்பினான் என்பது பரிசோதனை அல்ல. நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளைக்குக் கதவு அடிக்கும் சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சு மங்கிவிடும். தடிமனோடு அது கூடிக் குறையும். உயர் சுருதியில் மட்டும் கேள்திறன் குறைந்திருந்தால் "ஸ", "ச" போன்ற ஒலிகள் நழுவிவிடும், கூப்பிட்டால் திரும்புவான். அதனால் ஓடியோலஜிஸ்ட் எனும் கேள்திறன் நிபுணரிடம் முறையாகச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கே போவது? உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமோ கிளினிக்கிலோ சொல்லிச் சிறுவர் வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம். கொழும்பில், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணமில்லை. தவணைக்குக் காத்திருக்க நேரலாம், ஆகவே இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். கிளினிக் புத்தகம், சொற்பட்டியல், வீட்டில் அவன் விளையாடும் இரண்டு நிமிட வீடியோ, மூன்றையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது, அப்போது வீடியோதான் பேசும். தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், தமிழில் அவன் என்ன சொல்கிறான் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொன்னால் ஏற்காதீர்கள்.

இந்த நேசரிகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் "வீட்டிலும் இங்கிலிஷ்தான் கதையுங்கோ, தமிழை நிற்பாட்டுங்கோ" என்று பெற்றோருக்குச் சொல்லும் இடங்கள் உண்டு. பிள்ளையின் கேள்திறனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மொழியை வெட்டச் சொல்கிறார்கள்! அம்மாவுக்கு அரைகுறையாக வரும் மொழியில் கதைத்தால் பேச்சே குறையும், பிள்ளை கேட்கும் சொற்களும் சுருங்கும். அம்மம்மாவோடும் அப்பப்பாவோடும் ஒட்டாமலும் போவான்.

தவணை வரும்வரை டிவியை நிறுத்துங்கள். இந்த வயதுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019 உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். "இது என்ன? இது என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் "கார்" என்றால் "கார் போகுது" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். "பாலா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கடினம், அவன் வாயெடுக்கமுன் நாம் சொல்லிவிடுவோம். நாக்கில் வசம்பு தடவுவதால் பேச்சு வராது. "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டினால் சரி" என்பவர்களையும் நம்பவேண்டாம், சொற்கள் பிந்துவதற்கு அது காரணமில்லை.

ர, ழ, ள சரியாக வராததைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், அவை எப்படியும் பிந்தி வரும் ஒலிகள்.