தாய்ப்பாலைக் கூட்ட அம்மாக்கள் படும் பாட்டுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது?

என் விஷயத்தில் அது பால் எடுக்கும் பம்ப் பாட்டிலில் போட்டிருந்த அளவுக்கோடு. குழந்தை பிறந்து மூன்றாவது வாரம். அரை மணி நேரம் வைத்து எடுத்தும் 30 மில்லிகூடத் தேறவில்லை. பார்க்க வந்தவர்கள் வேறு, "அழுதுகிட்டே இருக்கே, பால் பத்தலையோ?" என்று ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கே பால் சுரக்க என்று ஒரு மூலிகைத் தூள் வாங்கினேன். எடை பார்த்தேனா, எத்தனை நாப்பி நனைகிறது என்று எண்ணினேனா? இல்லை.

பல பேரை இந்த ஓட்டத்தில் இறக்கிவிடுவது பால் குறைவு அல்ல, குறைந்துவிட்டதோ என்ற பயம்தான். மார்பு முன்போலக் கனக்காது. சாயங்காலமானால் குழந்தை விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் சில வாரங்களில் இதெல்லாம் சகஜம். பம்பில் வருவதை வைத்தும் கணக்குப் போட முடியாது. நன்றாகக் குடிக்கிற குழந்தை அதைவிட அதிகமாகவே எடுத்துவிடும். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு நாப்பியாவது நன்றாக நனைந்து, எடையும் ஏறினால் பால் போகிறது என்று அர்த்தம்.

எனக்கு உருப்படியாக உதவியது ஒரு செவிலியர். குழந்தையின் உடம்பை முழுசாக என் பக்கம் திருப்பி, காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி வைத்தார். "இறைக்கிற கிணறுதாம்மா ஊறும்" என்றார். நிஜம்தான். பால் தேங்கினால் உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது, காலியானால் கூட்டுகிறது. பச்சிளங்குழந்தை நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் என்பதால் இரவு வேளையை விடக் கூடாது. நான் "கொஞ்சம் தூங்கலாமே" என்று இரவில் ஃபார்முலா (பவுடர் பால்) கொடுத்துவிட்டு, பம்ப்பும் செய்யாமல் படுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, தெரிந்தால் மட்டும் போதுமா? பத்துத் தடவை உட்கார ஆள் பலம் வேண்டும். பம்ப் பாகங்களைக் கழுவுவதையும் நாப்பி மாற்றுவதையும் கணவர் எடுத்துக்கொண்ட பிறகுதான் என்னால் முடிந்தது. வேலைக்குத் திரும்பியவர்களுக்குக் கதவு சாத்திய ஓர் அறையும் இருபது நிமிடமும் கிடைக்கிறதா என்பதே பாதியைத் தீர்மானித்துவிடும். வலியும் பதற்றமும் பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடாசின் ஹார்மோனைத் தடுப்பதால், சுரந்த பாலே இறங்கத் தாமதமாகும். குறை சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

நிஜமாகவே குறைவாகச் சுரப்பவர்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, மார்பில் செய்த அறுவை சிகிச்சை, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை என்று காரணங்கள் இருக்கும். அங்கே தூள் எதுவும் எடுபடாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். பால் சுரக்கச் சிலர் போடும் டோம்பெரிடோன் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடியது. குழந்தை சோர்ந்து, சிறுநீரும் குறைந்தால் அன்றே காட்டுங்கள். அதுவரை ஃபார்முலா கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள், கூடவே பம்ப்பும் செய்யுங்கள்.