பிபிசி மைக்ரோவும் அந்த ஒரு வாரமும் – கடிதம்

வணக்கம் சார்,

பிரிட்டன்ல 1981ல வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லித்தர நம்ம அரசாங்கம் கொண்டுவந்த கிளாஸ் திட்டத்துல எங்க ஸ்கூலுக்கு வந்த மெஷின்லதான் நான் முதன்முதலா டைப் அடிச்சேன், மேல இருந்த அந்த சிவப்பு கீ வரிசை இன்னும் கண்ணுல நிக்குது. ஆனா அதை ஒரே வாரத்துல செஞ்சாங்கன்னு எழுதியிருக்கீங்களே, கொஞ்சம் ஓவரா இல்ல? நானும் ஹார்ட்வேர் ஆளுதான், ஒரு வாரத்துல போர்டு வரைஞ்சு முடிக்கிறதே பெரும்பாடு.

– கே.

அன்புள்ள கே.,

நீங்க கேட்டது நியாயம், நான்தான் அவசரத்துல சுருக்கிட்டேன். அந்த ஒரு வாரத்துல வந்தது புரோட்டோடைப், அதாவது முதல் மாதிரி மெஷின் மட்டும்தான். 1981ல பிபிசி, டிவில கம்ப்யூட்டர் சொல்லித்தரப் போறோம், அதோட சேர்த்து விக்க ஒரு பிரிட்டிஷ் மெஷின் வேணும்னு தேடுது, முதல்ல நெனச்ச நியூபிரெயின்ங்கிற கம்ப்யூட்டர் சரிப்பட்டு வரல. கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன் கம்பெனிகிட்ட புரோட்டான்னு ஒரு டிசைன் ஏற்கனவே பேப்பர்ல இருந்துச்சு. ஏகார்னை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஹெர்மன் ஹவுசர் என்ன பண்ணார்னா, அங்க டிசைன் பண்ணிட்டிருந்த ரெண்டு பேர்ல ஸ்டீவ் ஃபர்பர்கிட்ட 'வில்சன் ஒரு வாரத்துல முடியும்ங்கிறாங்க'ன்னும் சோஃபி வில்சன்கிட்ட 'ஃபர்பர் முடியும்ங்கிறார்'னும் தனித்தனியா சொல்லிட்டார். நம்ம ஊர் கல்யாணத் தரகர் தோத்தாரு போங்க!

வெள்ளிக்கிழமை பிபிசி ஆளுங்க வரணும், காலைல வரைக்கும் மெஷின் உயிர் வரல. சோதிச்சுப் பார்க்க வெச்சிருந்த இன்னொரு கம்ப்யூட்டர்ல (டெவலப்மென்ட் சிஸ்டம்) இருந்து ஒரு கேபிள் போகுதே, அதை கழட்டிப் பாப்போமேன்னு ஹவுசர் சொல்ல, கழட்டினதும் ஓட ஆரம்பிச்சிருச்சு. அவர் அதுல சோல்டர் பிடிச்ச ஆளே இல்ல, அதான் வேடிக்கை.

நீங்க ஹார்ட்வேர் ஆளுங்கிறதால இன்னொண்ணு. இதோட பிராசசரான 6502 சிப் 2 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, ஆனா மெமரி 4 மெகாஹெர்ட்ஸ்ல ஓடணும், ஏன்னா ஒரு தடவை பிராசசர் ஒரு தடவை ஸ்கிரீன்னு மாத்தி மாத்தி அதையே தொடுதுங்க. இதுல டைமிங் ரொம்ப டைட்டு. போர்டுல ஒரு எஞ்சினியர் ஒரு குறிப்பிட்ட இடத்துல விரலை வெச்சா மெஷின் ஓடும், எடுத்தா நிக்கும்! கடைசில விரலுக்குப் பதிலா ரெசிஸ்டரைப் போட்டு சமாளிச்சாங்க.

நெஜமான பாடு அதுக்கப்புறம்தான். 1981 டிசம்பர்ல மாடல் ஏ 235 பவுண்டு, 32 கேபி மெமரியோட மாடல் பி 335 பவுண்டுன்னு அறிவிச்சாங்க, சீக்கிரமே 299, 399னு ஏத்திட்டாங்க. வீடியோ சிப் சூடாச்சு, ஆரம்பத்துல வந்த பவர் சப்ளையும் சூடாச்சு, பணம் கட்டினவங்க மாசக்கணக்கா காத்திருந்தாங்க. 12,000 வித்தாலே போதும்னு ஆரம்பிச்சது 10 லட்சத்தையும் தாண்டிப் போச்சு, அதுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் அங்க ஸ்கூல்களுக்கு பாதி விலை குடுத்தது பெரிய காரணம்.

ஆனா என் கணக்குல ஸ்கூல்ல அது நிலைச்சு நின்னது வில்சன் அதுக்காக எழுதின பேசிக்ங்கிற புரோகிராம் மொழியால. மத்த பல மெஷின்ல கோட்டூ (வேற வரிக்குத் தாவச் சொல்ற கட்டளை) போட்டு நூடுல்ஸ் மாதிரி எழுதிட்டிருந்தப்ப இதுல ஒவ்வொரு வேலையையும் புரொசீஜர்னு பேரு வெச்சு தனியா எழுதலாம், சிப்போட நேரடி மொழியான அசெம்பிளியும் அதுக்குள்ளயே எழுதலாம். பின்னாடி ஏகார்ன் வடிவமைச்ச ஆர்ம் பிராசசர் சிப்போட இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டையே (சிப்புக்குப் புரியுற கட்டளைகள்) வில்சன் இந்த பேசிக்லதான் சிமுலேட் பண்ணி பார்த்தாங்க, 1985 ஏப்ரல்ல முதல் சிப் வந்ததும் மாட்டிப் பார்த்தது ஒரு பிபிசி மைக்ரோலதான்.

நீங்க சொன்ன கிளாஸ் திட்டம் 1984ல ஆரம்பிச்சது. உங்க ஸ்கூல்ல புரொசீஜர் வரைக்கும் சொல்லிக்குடுத்தாங்களா, இல்ல 10 பிரிண்ட், 20 கோட்டூ 10ஓட நின்னுருச்சா? எழுதுங்க.