குளத்து வானை உயர்த்தாதீர்கள், கட்டின் வெளி அடியைப் பாருங்கள்

கேள்வி: தம்பலகாமம் பக்கம் எங்கள் வளவில் அப்பா காலத்தில் ஓடையை மறித்து மண்கட்டுப் போட்டு, ஏறக்குறைய ஒரு ஏக்கரில் சிறு குளம் எடுத்தார். இப்போது அதை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறோம். மிதிபடகு ஓடுகிறது, தூண்டில் போடவும் ஆட்கள் வருகிறார்கள். கோடையில் தண்ணீர் வற்றுவதால், மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வானை ஒரு அடி உயர்த்தச் சொல்கிறார் மேசன். கட்டின் வெளிப்பக்க அடியில், பழைய குழாய் வெளிவரும் இடத்துக்குக் கிட்ட, எந்நாளும் ஈரம் இருக்கிறது. நிழலுக்குக் கட்டின்மேல் வேம்பு நடலாமா?

பதில்: முதலில் மேசனை நிறுத்துங்கள். வானின் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் நடுவில் உள்ள உயரம் வீணாகக் கிடக்கும் இடமல்ல. நவம்பர், டிசம்பர் மாரியில் ஓர் இரவில் ஓடை பெருகினால், அந்த வெள்ளம் வான் வழியே வெளியேறும்வரை நிற்பதற்கான இடம் அது. உங்களைப் போன்ற சிறு குளத்துக்குக்கூட மூன்று அடியாவது வேண்டும். வானை ஒரு அடி உயர்த்தினால் அதில் மூன்றிலொரு பங்கு போய்விடும். மண்கட்டின் மேலால் தண்ணீர் பாய்ந்தால் வெளிச்சரிவு அடியிலிருந்து அரிபட்டு மேலேறும். சில மணி நேரத்தில் கட்டு வாய் பிளந்துவிடும். மண் மூட்டை அடுக்குவதும் பலகை செருகுவதும் இதே தவறுதான். மீன் ஓடிவிடும் என்று வானுக்குக் குறுக்கே வலை கட்டுகிறவர்களும் உண்டு. சருகும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் வந்து அடைத்தால் அந்த வலையே சுவராகிவிடும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் கோடையில் குளத்தின் நடுவைத் தூர்வாருங்கள். கட்டின் உள் அடிக்குக் கிட்ட மட்டும் தோண்ட வேண்டாம். அங்குள்ள களிதான் கசிவைத் தடுக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஈரம்தான் எனக்குக் கவலை தருகிறது. எல்லா மண்கட்டும் கொஞ்சம் கசியும், அதில் பயமில்லை. கசிகிற தண்ணீர் மண்ணைச் சுமந்து வருகிறதா என்பதே கேள்வி. கசிவு வழியில் சிறு குழி எடுத்து, வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரைப் பிடித்து ஒரு இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் கட்டின் உள்ளே துவாரம் உருவாகிறது என்று பொருள். ஈரத்தின் எல்லையில் நான்கு முளை அடித்து, குளத்தின் நீர்மட்டத்தையும் ஈரத்தின் அளவையும் வாரம் ஒருமுறை கொப்பியில் குறியுங்கள். நீர்மட்டம் மாறாதபோதும் ஈரம் பரவினால் அது மோசமான அறிகுறி. எறும்புப் புற்று வாய்போல் சுற்றிலும் நுண்மணல் குவிந்த ஊற்றுக்கண் தெரிந்தால் அதைவிட மோசம்.

குழாய்க்குப் பக்கத்தில் என்பதால் சந்தேகம் கூடுகிறது. குழாயின் வளைந்த அடிப்பக்கத்தில் மண்ணை இறுக்குவது கடினம். அந்த இடைவெளியே தண்ணீருக்கு வழியாகும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை உங்கள் பகுதியில் சொல்லத் தேவையில்லை. அது ஏப்ரல் மாதம், மாரி அல்ல என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். கட்டு உடைய மழைதான் வேண்டுமென்பதில்லை.

கசிவைக் கண்டால் ஆட்கள் முதலில் செய்வது வெளிவாயைக் களியாலோ சீமெந்தாலோ அடைப்பது. அடைத்தால் தண்ணீர் உள்ளே அழுத்தம் கூட்டி வேறொரு இடத்தில் பீறிடும். தண்ணீரை வர விட்டு, மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். கசிவின் மேல் முதலில் சுத்தமான பருமணல், அதன்மேல் சிறு சல்லி, அதன்மேல் கல் என்று பரப்புங்கள். கூடவே குளத்தின் மட்டத்தையும் இறக்குங்கள். அவசரமில்லை என்றால் நாளொன்றுக்கு ஒரு அடிக்கு மேல் வேண்டாம். நனைந்து கனத்த உட்சரிவு, தண்ணீரின் தாங்கல் திடீரென்று போனால் சரிந்துவிடும். ஆனால் கசிவு கலங்கலாகி வேகமும் கூடினால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. கீழே இருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

‘சின்னக் குளம்தானே’ என்பார்கள். ஒரு ஏக்கரில் சராசரி இரண்டு மீற்றர் ஆழம் என்றால் ஏறக்குறைய 8,000 தொன் தண்ணீர். கட்டுக்குக் கீழே வயல் மட்டுமா, வீடும் உண்டா, நீங்களே விடுதி அறை கட்டியிருக்கிறீர்களா என்பதை வைத்துத்தான் ஆபத்தை அளக்க வேண்டும்.

வேம்பு வேண்டவே வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடிக் கட்டுக்குள் போகும். மரம் பட்டபின் வேர் உக்கி அந்த இடம் குழாயாகும். புயலில் சாய்ந்தாலோ கட்டில் ஒரு வண்டி மண்ணைப் பிடுங்கிக்கொண்டு விழும். பனை குளக்கட்டை இறுக்கும் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. இருக்கும் பனையை உடனே தறிக்கச் சொல்ல மாட்டேன், புதிதாக நடவும் சொல்ல மாட்டேன். கட்டுக்கு ஏற்றது அறுகம்புல்தான், அதையும் கட்டையாக வெட்டி வைத்திருங்கள். அப்போதுதான் உடும்பு, முள்ளம்பன்றி தோண்டிய பொந்தும் கறையான் புற்றும் கண்ணில் படும். புற்றை மேலே தட்டிவிட்டால் போதாது, உள்ளறை வரை தோண்டி, களியை ஆறு அங்குலப் படைகளாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். நிழலுக்கு, கட்டை விட்டுத் தள்ளி ஒரு கிடுகுக் கொட்டில் போடுங்கள். படகுத்துறையும் கட்டில் வேண்டாம், எதிர்ப்புற இயற்கைக் கரைக்கு மாற்றுங்கள். உட்சரிவில் அலை அடித்து அரித்த இடத்துக்குக் கிறவல் போட்டு அதன்மேல் கல் அடுக்க வேண்டும். குழாயின் உள்வாயைச் சுற்றி வேலி போட்டு, அங்கே ஒருவரும் நீந்தாமல் பாருங்கள்.

குளத்தையும் நீர்ப்பங்கீட்டையும் பார்த்துக்கொண்ட பழைய வட்டவிதானைமார் மாரி முழுக்கக் கட்டில் நடந்தார்கள். நீங்களும் பெருமழை விட்ட மறுநாள் காலை உச்சியில் ஒருமுறை, வெளி அடியில் ஒருமுறை நடவுங்கள். உச்சிக்குக் குறுக்காக ஓடும் வெடிப்பைக் கண்டால் ஆழத்தைக் குத்திப் பாருங்கள். நீளவாக்கில் ஓடுவதைவிட அது அவசரமானது, ஏனென்றால் அது தண்ணீருக்கு நேர்வழி.

குழாயை மாற்றுவதா, அடைத்துக் கைவிடுவதா என்பதை எழுத்தில் தீர்க்க முடியாது. கமநல சேவை நிலையத்தில் விசாரித்து, மண்வேலை தெரிந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரை நேரில் அழையுங்கள். வரும்போது உங்கள் கொப்பியையும் போத்தலையும் காட்டுங்கள். குழாய்க்காகக் கட்டை வெட்டச் சொன்னால் ஓகஸ்ட் முடிவதற்குள் வேலையைத் தொடங்குங்கள், ஒக்டோபரில் வெட்டிய மண் இறுகுவதற்குள் மாரி வந்துவிடும்.