சியோனோஃபுஜியின் தோள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூடியூபில் எண்பதுகளின் சுமோ போட்டிகளை வரிசையாகப் பார்த்துவருகிறேன். சியோனோஃபுஜி என்னை அசத்திவிட்டார். 120 கிலோ சொச்சம்தான். தொந்தி இல்லை, தோளெல்லாம் தசை. தன்னைவிட எவ்வளவோ கனத்த ஆட்களைப் புரட்டிப்போடுகிறார். இது வித்தையா, வெறும் புஜபலமா?

எஸ். ஆர்.

அன்புள்ள எஸ். ஆர்.,

அந்தத் தோளைப் பார்த்தால் யாருக்கும் புஜபலம் என்றுதான் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், அவர் உடம்பில் நம்பி இறங்கவே முடியாத உறுப்பு அதுதான். இளம்வயதில் ஆளைப் பிடித்து எறிவதில் அவருக்கு அப்படியொரு மோகம். எறிய எறியத் தோள்மூட்டு கழன்றது, திரும்பத் திரும்ப. 1979இல் அதனாலேயே இரண்டாம் பிரிவுக்கு இறங்க நேர்ந்தது. மூட்டைக் காப்பாற்றத்தான் சுற்றிலும் தசை வளர்த்தார். கூடவே ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டார்.

மோதல் தொடங்கும் கணத்தை நிறுத்திப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி நேராக எதிராளியின் மார்புக்குள் பாய்வார். இடது கை, கச்சையின் முன்பக்கத்தை வயிற்றை ஒட்டிக் கவ்விவிடும். அந்தப் பிடி விழுந்துவிட்டால் எதிராளி நிமிர்ந்தே ஆகவேண்டும். நிமிர்ந்தவனுக்கு எடை இருந்தும் பயனில்லை. பிறகு கோதாவின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போவதுதான் பாக்கி. எறிவதென்றாலும் மறுகையால் எதிராளியின் தலையை அமுக்கிக்கொண்டே எறிவார். தோளில் விழவேண்டிய பாரம் பாதி குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

1981 ஜனவரியில் முதல் பட்டத்துக்கான மோதலில் எதிரே நின்றவர் கிதானோஉமி, நாற்பது கிலோவுக்கு மேல் கூடுதல். அவரைத் தூக்கவில்லை. கச்சையைப் பிடித்தபடி விலகி, இழுத்து மண்ணில் சாய்த்தார். மொத்தம் 31 பட்டங்கள்.

உடம்பின் குறையை ஆட்டத்தால் ஈடுகட்டுவதில் இவருக்கு முன்னோடி, முப்பதுகளின் சுமோ வீரர் ஃபுதாபயாமா. வலது கண் ஏறக்குறைய தெரியாது. ஓய்வுபெறும்வரை வெளியே சொல்லவில்லை. எதிராளியை முந்தவிட்டு, பாய்ச்சலை உடம்பில் வாங்கி, அப்புறம் தன் பிடிக்குக் கொண்டுவருவார். 1936 முதல் 1939 ஜனவரிவரை தொடர்ந்து 69 வெற்றிகள். உடம்போடு உடம்பு ஒட்டியபின் கண் எதற்கு?

சுத்தமான வித்தைதான் வேண்டுமென்றால் மைனோஉமியைத் தேடுங்கள். உயரம் போதாமல் உச்சந்தலைக்குள் சிலிகோன் வைத்துக்கொண்டு சுமோவில் சேரும் தேர்வில் தேறிய ஆசாமி! 1991 நவம்பரில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான அகெபோனோவின் ஒரு காலைக் கையால் பிடித்து, மறுகாலைத் தன் காலால் கோத்து, தலையால் நெஞ்சில் முட்டிச் சாய்த்தார்.