அந்த நாற்காலி எப்போதிலிருந்து?

கேள்வி: என் கணவர் போலீஸ் அதிகாரி, 19 வருட சர்வீஸ். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரைக் கைது செய்தார்கள். இணையத்தில் 13 வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்ட ஒருவரோடு பல நாள் தப்பாகப் பேசி, நேரில் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறார். அங்கே காத்திருந்தது போலீஸ். அப்படி ஒரு பெண்ணே கிடையாது, பேசியதெல்லாம் ஒரு சைபர் பிரிவு அதிகாரி. இல்லாத பிள்ளைக்காக எங்கள் குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது. ஜாமீனில் வந்து இப்போது அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். மன அழுத்தத்தில் ஏதோ சபலம் என்கிறார். எங்கள் மகளுக்கு 14 வயது. யாரோடும் பேசுவதில்லை. அவள் ஏற்கெனவே அப்படித்தான், போன வருடத்திலிருந்தே அறைக்கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படிப்பாள், தூங்குவாள். 'அப்பா நல்லவர், எனக்கு அவர் வேண்டும்' என்று அவள் கைப்பட நீதிபதிக்கு எழுதினால் உதவும் என்று மாமியாரும் வக்கீலும் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். எப்படி எழுத வைப்பது? நான் அவரை மன்னிக்கலாமா?

பதில்:

சகோதரி, இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம், ஆனால் நீங்கள் அனுப்பியது நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் உங்கள் கணவர். அவர் வாங்கிய மெடல், சஸ்பென்ஷன் உத்தரவு, பென்ஷன் வருமா வராதா, செய்தியில் முகத்தைக் காட்டிவிட்டார்களே என்ற அவமானம். மகளுக்கு ஐந்தே வரி. அந்த ஐந்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கைதாகி இரண்டு மாதம். நாற்காலி போன வருடத்திலிருந்து. இரண்டையும் எழுதியது நீங்கள்தான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவள் சுபாவமே அப்படி என்று நம்ப உங்களுக்கு ஆசை. கைதுக்கு எத்தனையோ மாதம் முன்பே அவள் ராத்திரி கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாளே, அது எதனால்?

நாற்காலியை முட்டுக்கொடுப்பது எப்படி என்று ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள். சாய்மானத்தின் மேல்விளிம்பைக் கைப்பிடிக்கு அடியில் சரியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும், பின்கால் இரண்டும் தரையில் ஊன்ற வேண்டும், வழவழப்பான தரையாக இருந்தால் வழுக்கும், அதனால் காலுக்கடியில் துணியோ மிதியடியோ வைக்க வேண்டியிருக்கும். சும்மா வராது. நாலைந்து ராத்திரி பழகினால்தான் வரும். படிப்புக்குத் தொந்தரவு கூடாதென்றால் கதவைச் சாத்தினால் போதும், பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். தூங்கும்போதும் முட்டுக்கொடுப்பவள், யாராவது திறந்தால் தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறாள்.

அது யாருக்காக என்று எனக்குத் தெரியாது. உங்கள் கணவருக்காக என்று நான் சொல்லவில்லை. அந்த அறைக்குத் தாழ்ப்பாளே இல்லாமல் இருக்கலாம், சொல்லாமல் உள்ளே வந்து அலமாரியைக் குடைகிற பாட்டிக்காக இருக்கலாம், உங்களுக்காகவே இருக்கலாம். அவள் ஏதோ ஒரு செய்தியைப் படித்துப் பயந்திருக்கலாம். ஆனால் ஒரு வருடமாக அந்த நாற்காலி சத்தம் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, நீங்கள் ஒரு தடவைகூட 'ஏன்டா கண்ணு?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதை எழுதியிருப்பீர்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

'இல்லாத பிள்ளைக்காக' என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தை எனக்கு எத்தனை கடிதத்தில் வந்திருக்கிறது தெரியுமா? மனைவி எழுதுவார், அம்மா எழுதுவார், ஒரு தடவை மாட்டிக்கொண்ட ஆளே எழுதினார். சரி, ஒரு தடவை விளக்கமாகவே பேசிவிடலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மறுமுனையில் உண்மையான குழந்தை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, குழந்தை என்று நம்பிப் பேசி அந்த நோக்கத்தோடு கிளம்பினாலே முயற்சிக் குற்றம். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அதற்குக் குறைந்தபட்சமே 10 வருடம். 2013இல் டெர் டெ ஹோம்ஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பு, நெதர்லாந்தில் இருந்தபடி கணினியில் ஒரு 10 வயது பிலிப்பைன்ஸ் சிறுமியின் உருவத்தை உண்டாக்கி அரட்டைத் தளங்களில் உட்கார வைத்தது. அவளும் இல்லாத பிள்ளைதான். பத்தே வாரத்தில் அவளை நெருங்கியவர்கள் 20,000 பேருக்கு மேல், அதில் 71 நாடுகளைச் சேர்ந்த ஆயிரம் பேரை அடையாளம் கண்டு அந்தப் பட்டியலை இன்டர்போலிடம் கொடுத்தார்கள். பிள்ளைதான் பொய். வந்து பேசியவர்கள் அத்தனை பேரும் ரத்தமும் சதையுமான ஆட்கள்.

போலீஸ் வலிய இழுத்து மாட்டிவிட்டது என்ற வாதமும் இருக்கிறது, எடுத்த எடுப்பில் தள்ளிவிட மாட்டேன். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்று ஒருவரின் தண்டனையை ரத்தே செய்தது. காரணம், அரசாங்க ஆட்கள் வெவ்வேறு பெயரில் 26 மாதம் விடாமல் அவருக்குக் கடிதம் அனுப்பி ஆசை காட்டியிருந்தார்கள். அதனால்தான் இப்படி வேடம் போடுகிற அதிகாரிகள் இப்போது ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்: வயதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், தப்பான பேச்சைத் தாங்களாக எடுக்கக் கூடாது, ஒரு வரி விடாமல் சேமித்து வைக்க வேண்டும். '13 வயசு' என்று படித்த அந்த நிமிடமே மூடிவிட்டு எழுந்திருக்க உங்கள் கணவருக்கு வழி இருந்தது. அதைப் படித்த பிறகும் பல நாள் பேசி, ஒரு நாள் குறித்து, கிளம்பிப் போயிருக்கிறார். அதுவும் 19 வருடம் போலீசில் இருந்தவர், எது குற்றம் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சபலம் என்கிறாரே, சபலம் இத்தனை நாள் நிற்குமா?

அந்த உரையாடலை நீங்கள் முழுசாகப் படித்தீர்களா? வழக்கு ஆவணத்தில் இருக்கும். உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வையுங்கள், அவர் மூலமாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இப்போது இருக்கிற வக்கீல் உங்கள் கணவருக்கு வக்கீல், உங்களுக்கோ மகளுக்கோ கிடையாது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் வேலை அது. ஜாமீன் உத்தரவையும் அப்படியே வாங்கிப் பாருங்கள். இந்த மாதிரி வழக்கில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியாகச் சந்திக்கக் கூடாது, இணையம் பக்கம் போகக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடுவது வழக்கம். மாமியார் 'ஒரு எட்டு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே' என்று சொல்லும்போது உங்கள் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும். அவருடைய பழைய போன், லேப்டாப் ஏதாவது வீட்டில் கிடந்தால் தொடாதீர்கள், அழிக்காதீர்கள், அவர் கேட்டாலும் கொடுத்தனுப்பாதீர்கள். உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

அந்தக் கடித விஷயம். எழுத வைக்கக் கூடாது. கெஞ்சக் கூடாது, 'அப்பாவுக்காக ஒரே ஒரு பக்கம்' என்று அழவும் கூடாது. உங்கள் மகள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் தெளிவாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது. அவளை யாரோடும் பேசுவதில்லை என்று குறை சொல்கிறீர்கள், பேசிய ஒரே வார்த்தையையும் எப்படி மாற்ற வைப்பது என்று என்னிடம் வழி கேட்கிறீர்கள்! ஒருவேளை நாற்காலிக்குப் பின்னால் ஏதாவது இருந்து, இன்றைக்கு அவள் கையெழுத்தில் அந்தக் கடிதம் கோர்ட்டுக்குப் போனால், நாளைக்கு அவள் வாயைத் திறக்கும்போது முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஒன்றுமே இல்லை என்றாலும், பெரியவர் செய்த காரியத்துக்கு 14 வயதுப் பிள்ளையை ஜாமீன் நிற்க வைப்பது அசிங்கம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முன்னொரு வாசகி எழுதியிருந்தார், பெயர் வேண்டாம். அந்த வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் எழுத வைத்தார்கள். மகள் எழுதிக் கொடுத்தாள், படித்து முடித்தாள், வேலை கிடைத்த மறுநாள் வீட்டை விட்டுப் போனாள். ஒன்பது வருடமாக அம்மாவோடு பேச்சு இல்லை. 'அவள் எழுதினாளே, அப்போது ஒன்றும் சொல்லவில்லையே' என்று அந்த அம்மா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கு என்னால் கடைசிவரை பதில் எழுத முடியவில்லை.

நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் ஓடிப்போய் அவளை உட்கார வைத்து, 'அப்பா உன்னை ஏதாவது பண்ணினாரா, சொல்லு, சொல்லு' என்று உலுக்குவீர்கள். செய்யாதீர்கள். பிள்ளைகளிடம் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1983இல் ஒரு மழலையர் பள்ளி மேல் புகார் கிளம்பி, விசாரித்தவர்கள் குழந்தைகளிடம் பதிலை ஊட்டி ஊட்டிக் கேட்டு, வழக்கு 1990 வரை இழுத்து, கடைசியில் ஒருவர் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. நடந்தது எது, ஊட்டியது எது என்று யாராலும் பிரிக்க முடியாமல் போயிற்று. அதற்கப்புறம்தான் குழந்தைகளிடம் எப்படிக் கேட்பது என்பதே தனிப் படிப்பாக வளர்ந்தது.

அதனால் நீங்கள் கொஞ்சமாகப் பேசினால் போதும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முகத்தையே பார்க்காமல், துணி மடித்துக்கொண்டோ நடந்துகொண்டோ, 'நீ நாற்காலி வைத்துக்கொண்டு தூங்குகிறாயே, அதை நான் இத்தனை நாள் கேட்கவே இல்லை, அது என் தப்பு' என்று சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம், கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவள் ஏதாவது சொன்னால் அவள் சொன்ன வார்த்தையிலேயே அப்படியே குறித்து வையுங்கள், தோண்டாதீர்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணாதீர்கள். சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை என்றாலும் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல பிள்ளைகள் வருடக்கணக்கில் சொல்வதில்லை.

யாரிடம் கொண்டுபோவது? உங்கள் வீட்டுக்கு மட்டும் இருக்கிற சிக்கல் இது. மற்றப் பிள்ளைகளுக்குப் போலீஸ் என்றால் போய்ச் சொல்கிற இடம். இவளுக்குப் போலீஸ் என்றால் அப்பா, அப்பாவின் சிநேகிதர்கள், அவள் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்ட மாமாக்கள். அவர்களிடம் போய் அவள் என்ன சொல்வாள்? அதனால் அவர் வேலை பார்த்த ஸ்டேஷன் பக்கம் போகாதீர்கள். குழந்தைகள் நல அமைப்பு, குழந்தைகளுக்கான உதவி எண், குழந்தைகளோடு பழகிய மனநல ஆலோசகர், இவர்களில் ஒருவரிடம் இந்த வாரமே போங்கள், நாற்காலியைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு அவள் வாயைத் திறந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் 'செத்துவிடுவேன்' என்று சொல்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி மாட்டியவர்கள் அந்த நினைப்புக்குப் போவது உண்டு. சொன்னால் விளையாட்டாக எடுக்காமல் டாக்டரிடம் சேர்க்கச் சொல்லுங்கள், துப்பாக்கியைத் துறையில் ஒப்படைத்தாயிற்றா என்று கேளுங்கள். மகள் காதுக்கு மட்டும் அது போகக் கூடாது, அதையே வைத்து அந்தக் கடிதத்தை வாங்கிவிடுவார்கள்.

மன்னிப்பா? அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற கணக்கு, பத்து வருடம் கழித்துக்கூடப் பேசிக்கொள்ளலாம். பிள்ளை பெற்றவர்களுக்குப் பிள்ளைதான் முதல், கணவன் மனைவி எல்லாம் அதற்கு அப்புறம் என்று நினைக்கிற ஆள் நான். கட்டியவனைக் கைவிடாதே என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருப்பார்கள், என் அம்மாவும் எனக்கு அதைத்தான் சொன்னார். அவர் சாப்பிட, வழக்கு நடத்த, டாக்டரிடம் போக, பெற்ற அம்மா இருக்கிறார். உங்கள் மகளுக்கு இப்போது இருப்பது ஒரு நாற்காலி.

நாளைக்குக் காலையில் ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாகப் போடச் சொல்லுங்கள், அவள் வீட்டில் இருக்கும்போதே, எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று அவளைக் கேட்டு. அதற்கப்புறமும் அவள் நாற்காலியை வைத்தால் வைக்கட்டும், எடுக்காதீர்கள்.