214 கோடியால் என்ன பயன்?

கேள்வி: 2147483647 என்ற எண்ணைப் பகா எண் என்கிறார்கள், மெர்சென் பகா எண் என்கிறார்கள், இரட்டை மெர்சென் என்றும் சொல்கிறார்கள். ஓர் எண்ணுக்கு இத்தனை பெயர் சூட்டுவதால் யாருக்கு என்ன பயன்? (வாசகர், திருச்சி)

பதில்: 'பயன்' என்ற சொல்லோடு இந்தப் பக்கத்தில் நான் நடத்திவரும் சண்டை பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த எண்ணைக் குறித்து அந்தச் சொல்லை முதலில் எடுத்தவர் நீங்கள் அல்லர். 6 = 1 + 2 + 3 என்பதுபோல, தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருப்பது செவ்விய எண். நீங்கள் கேட்கும் எண்ணிலிருந்து 2305843008139952128 என்ற செவ்விய எண் கிடைக்கிறது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இத்தகைய எண்கள் விந்தையானவையே தவிரப் பயனுள்ளவை அல்ல, ஆகவே இதைவிடப் பெரியதைத் தேட எவரும் முனையமாட்டார்கள் என்று எழுதினார். அந்த 'ஆகவே'தான் தவறு. 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த, 39 இலக்கங்கள் கொண்ட எண் பகா எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா நிறுவினார்; அதிலிருந்தும் இதேபோல ஒரு செவ்விய எண் கிடைக்கிறது. 2024-இல் 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களைத் தாண்டிய ஒன்று கிடைத்தது.

பயன்தான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்து மீண்டும் பெருக்கிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். கணினிகள் சமவாய்ப்பு எண்களை உருவாக்க இதைப் பல காலம் பயன்படுத்தின. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இது நடக்கிறது. ஆனால் இந்த எண்ணுக்காக வாதாட நான் இதை நம்பியிருக்கவில்லை.

நீங்கள் பெயர் என்று நினைப்பவை உண்மையில் உழைப்பைக் குறைக்கும் வழிகள். 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது இந்த எண்; 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணே 'மெர்சென் பகா எண்'. அந்த 31 தானும் 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது என்பதால் 'இரட்டை'. இப்படிப்பட்ட பகா எண்கள் நமக்குத் தெரிந்தவை நான்கே. இது பகா எண்தானா என்று வெறுமனே சோதிப்பவர், 46340 வரையுள்ள ஏறத்தாழ 4800 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்த சுவிஸ் கணிதர் ஆய்லர், 1772-இல் வெளியான கடிதத்தில், அதன் வகையை மட்டும் வைத்துக்கொண்டு, இதற்குக் காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும் என்று காட்டினார். சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைந்தன. நம் பள்ளிகளில் பகா எண்ணின் வரையறையை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்கிறோம்; ஒரு வகுத்தலை வகை எப்படி மிச்சப்படுத்துகிறது என்று மாணவர் கையால் உணர ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

ஆய்லரின் சல்லடையில் தங்கும் முதல் பகா எண் 311. உங்கள் கடிதம் வந்த அன்றே தாளில் வகுத்தேன்: ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303. அதை நீங்கள் வகுத்து, மீதியை எழுதி அனுப்புங்கள்.